குழந்தைகளின் மருந்துக்குச் சான்று எங்கே?

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுங்குவார்சத்திரத்தின் பெயர் தேசமெங்கும் அடிபட்டது. ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து காஞ்சீபுரம் நோக்கிச் செல்லும் வழியிலுள்ளது அவ்வூர். அங்கு இயங்கி வந்த மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ என்னும் இருமல் மருந்தை உட்கொண்ட சிறு குழந்தைகள், மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா ஜில்லாவில், சிறுநீரகம் செயலற்று ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். மாண்டவர் தொகை இருபதுக்கு மேற்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் ஐந்து வயதும் நிரம்பாதவர். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவினர் அம்மருந்தைப் பரிசோதித்தபோது, டைஎதிலீன் கிளைகால் என்னும் விஷத் திரவம் அதில் 48.6 சதவீதம் கலந்திருக்கக் கண்டனர். 0.1 சதவீதத்துக்கு மேல் அது இருத்தலாகாது என்பது விதி. தொழிற்சாலையின் லைசென்ஸ் ரத்தாயிற்று; கைதுகள் நடந்தன; வழக்கும் தொடரப்பட்டது.

படப்பையிலும் ஒரகடத்திலும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும் வாழ்வோருக்கு இஃது எங்கோ நடந்த செய்தியன்று. ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரிப் பாசனத்தையும் நெல் வயலையும் நம்பி வாழ்ந்த இப்பிரதேசம், இன்று மோட்டார் வண்டிகளும் டயர்களும் கைத்தொலைபேசிகளும் செய்து உலகுக்கெல்லாம் அனுப்புகிறது. பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் இங்கே வாடகை அறைகளில் குடியிருக்கின்றன. இரவு வேலை முடித்துத் திரும்பும் தகப்பன், குழந்தை விடிய விடிய இருமியதைக் கேட்டு, வண்டலூர்-வாலாஜாபாத் சாலையிலுள்ள மருந்துக் கடையில் நின்று, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் புட்டியை வாங்கிச் செல்கிறான். அப்புட்டியைக் குறித்துக் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு. அதிலுள்ள மருந்து சுத்தமானதா என்பது ஒன்று. சுத்தமானதே ஆயினும், அது அக்குழந்தைக்குப் பயன்படும் என்பதற்குச் சான்று உண்டா என்பது மற்றொன்று. முதற் கேள்வியைத் தேசம் முழுவதும் உரத்த குரலில் கேட்டது. இரண்டாவதைக் கேட்டோர் மிகச் சிலரே. அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம்.

முதற் கேள்விக்குரிய பரிகாரம் யாவரும் அறிந்ததே. மூலப் பொருளைப் பரிசோதியாமல் மருந்து செய்யும் உற்பத்தியாளரும், பரிசோதிக்கப்பட்டதா என்று பாராத அதிகாரியும் தண்டனைக்கு உரியவர். அதற்குப் புதிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. இருக்கும் சட்டத்தை நிறைவேற்றினாலே போதும். 1937-ம் ஆண்டில் அமெரிக்காவில் ‘எலிக்ஸிர் ஸல்பனிலமைட்’ என்ற மருந்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அம்மருந்தைக் கரைக்கப் பயன்பட்ட திரவமும் இதே டைஎதிலீன் கிளைகால்தான். அதை விற்றவர்கள் அது விஷமா என்று சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்க வேண்டுமென்று சட்டமும் அப்போது சொல்லவில்லை. மறு ஆண்டே அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. 2022-ல் காம்பியா நாட்டில் இந்திய இருமல் மருந்துகளோடு தொடர்புபடுத்தப்பட்டு எழுபது குழந்தைகள் வரை மாண்ட செய்தி வந்தபோதே நாம் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை.

ஆனால் சுத்தமான இருமல் மருந்தின் கதை என்ன? சளிக்கும் இருமலுக்கும் விற்கப்படும் கூட்டு மருந்துகளுட் பல, குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் என்னும் இரண்டையும் சேர்த்துச் செய்யப்பட்டவை. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இக்கூட்டு மருந்தைக் கொடுத்தலாகாது என்று லேபிளில் அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி உத்தரவிட்டார். 2025 அக்டோபரில், சிந்துவாராவின் துயரத்துக்குப் பின்னர், இரண்டு வயதுக்குட்பட்டோருக்குச் சளி இருமல் மருந்துகள் கூடவே கூடா, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாக வேண்டுவதில்லை என்று மத்திய சுகாதார இலாகா எல்லா ராஜ்யங்களுக்கும் அறிவுறுத்தியது. அமெரிக்க நிபுணர் குழுவொன்று, ஆறு வயதுக்குட்பட்டோருக்கு இவற்றைக் கொடுக்கலாகாது என்று 2007-லேயே கூறிவிட்டது. அக்குழு கண்டது யாது? பெரியவர்களிடம் சோதித்த அளவைப் பாதியாகவும் காலாகவும் குறைத்து எழுதியதே குழந்தைகளுக்குரிய அளவாகப் பல்லாண்டு வழங்கி வந்தது என்பதும், குழந்தைகளிடம் சோதித்தபோது பயன் தெரியவில்லை என்பதுமாம். பல தலைமுறைக் குழந்தைகள் இம்மருந்தை விழுங்கினர். பயனுண்டா என்று பார்த்தவர் அரிது.

குழந்தை சிறிய உருவிலுள்ள பெரியவர் அன்று. இதை நமது பாட்டிமார் அறிவர். மருந்து விற்போர்தாம் மறந்துவிடுகின்றனர். பிறந்த சில நாட்களுக்குள் குழந்தையின் ஈரல் சில மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வன்மை பெறுவதில்லை. ஆகையால் சிறிய அளவும் உடலில் தேங்கி விஷமாகும். இரண்டு மூன்று வயதிலோ அதே ஈரல் சில மருந்துகளைப் பெரியவரினும் விரைவாகச் சிதைத்துவிடும். ஆகையால் எடைக்கு எடை கணக்கிட்டுக் கொடுத்த அளவும் போதாமற் போகும். எந்த மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் புத்தகத்தில் படித்து ஊகிக்க முடியாது. பார்த்துத்தான் அறிய வேண்டும்.

குளோராம்பெனிகால் என்ற மருந்தின் வரலாறு இதற்குத் தக்க உதாரணம். 1950-களில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நோய்க்கிருமி தொற்றாமலிருக்க அதைக் கொடுப்பது நல்ல சிகிச்சை என்று டாக்டர்கள் மனப்பூர்வமாக நம்பினர். குழந்தைகள் சிலர் உடல் சாம்பல் நிறமாகி இறந்தபோது, குறைப்பிரசவத்தின் விளைவென்றே கருதினர். 1959-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி அத்தகைய குழந்தைகளை நான்கு பிரிவாக வைத்துக் கணக்கெடுத்தது. மருந்தே கொடாத பிரிவில் ஐந்தில் ஒரு குழந்தை இறந்தது. குளோராம்பெனிகால் கொடுத்த பிரிவில் ஐந்தில் மூன்று இறந்தன. காப்பாற்றுவதாக நம்பிக் கொடுத்த மருந்தே கொன்றுகொண்டிருந்தது. கணக்கெடுத்திராவிட்டால் இன்னும் எத்தனை ஆண்டு அப்படியே நடந்திருக்குமென்று யார் சொல்ல வல்லார்?

இங்குதான் நம்மவர் பலர் தடுமாறுகின்றனர். “குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்வதா? என்ன கொடுமை!” என்கின்றனர். அவர்களுடைய இரக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சியை விலக்கிவிட்டால் குழந்தைகள் மீது சோதனை நடப்பது நின்றுவிடுமா? நிற்காது. சான்றில்லாத மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சோதனையே நடக்கிறது. அதற்குப் பெற்றோரின் சம்மதம் கிடையாது. மேற்பார்வைக் குழு கிடையாது. கெடுதல் நேர்ந்தால் நஷ்ட ஈடு கிடையாது. என்ன நேர்ந்ததென்று எழுதிவைக்கும் ஏடும் கிடையாது. ஒரு குழந்தை பட்ட துன்பம் அடுத்த குழந்தைக்குப் பாடமாவதும் இல்லை. ஆகவே நம் முன்னுள்ள கேள்வி, சோதனை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. ஒழுங்கோடும் சம்மதத்தோடும் கணக்கோடும் நடக்கும் சோதனை வேண்டுமா, இருட்டில் நடக்கும் சோதனை வேண்டுமா என்பதே.

ஒழுங்கான ஆராய்ச்சி என்ன பயன் தரும் என்பதை அறிய அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்தால் போதும். 1956-ல் சிறிய சிகிச்சை நிலையமாகத் தொடங்கிய அந்த ஸ்தாபனம், க்ஷயரோகிகளைச் சானடோரியத்தில் வைத்துப் பேணினாலும், நகரத்து ஏழைக் குடிசையிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று 1959-ல் உலகுக்கு நிரூபித்தது. நோயாளி வீட்டிலிருந்தால் உடனுறையும் குழந்தைகளுக்குத் தொற்று மிகாதா என்ற அச்சம் அப்போது எழுந்தது. அக்குடும்பத்தாரையும் ஐந்தாண்டு தொடர்ந்து பரிசோதித்து, சிகிச்சை தொடங்கிய பின்னர் வீட்டிலிருப்பதால் அபாயம் கூடுவதில்லை என்றும் காட்டினர். படுக்கை கிடைக்காமல் ஏங்கிய ஏழை நாடுகளுக்கெல்லாம் அது விடுதலைச் செய்தியாக அமைந்தது.

குழந்தைகளுக்கு வரும் க்ஷயரோகத்தின் கதையோ நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. குழந்தை சளியை உமிழ்ந்து காட்டாது. ஆகையால் நோயைக் கண்டறிவது கடினம். பெரியவர்க்குரிய அளவையே எடைக்கேற்பக் குறைத்து மருந்து கொடுத்து வந்தனர். இரத்தத்தில் மருந்து எவ்வளவு சேர்கிறதென்று குழந்தைகளிடம் அளந்து பார்த்த பின்னரே, கொடுத்து வந்தது போதாதென்று தெரிந்தது. 2010-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஐஸோநியாஸிட் மருந்தின் அளவைக் கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகவும், ரிபாம்பிஸின் அளவை 10-லிருந்து 15 ஆகவும் உயர்த்தியது. அதற்கு முன் சிகிச்சை பெற்ற குழந்தைகள் எத்துணைப் பேர் குறைந்த மருந்தோடு நோயை எதிர்த்து நின்றனர் என்பதை எண்ணிப் பார்க்கட்டும், ஆராய்ச்சி கூடாதென்போர்.

அதற்குப் பின்னர் நடந்த மற்றொரு முயற்சியும் குறிப்பிடத் தக்கது. கடுமையற்ற க்ஷயரோகமுள்ள குழந்தைகள் ஆறு மாதம் மருந்துண்ண வேண்டுமா, நான்கு மாதம் போதுமா என்று அறிய, உகாண்டா, ஸாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நான்கு தேசங்களில் 1,204 குழந்தைகளைக் கொண்டு ‘ஷைன்’ என்ற ஆராய்ச்சி நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் சென்னையும் புனாவும். இரு பிரிவிலும் சிகிச்சை பலியாதவர் நூற்றுக்கு மூவரே. 2022-ல் முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் பதினாறு வயதுக்குட்பட்டோரில் இத்தகைய நோயாளிகளுக்கு நான்கு மாதச் சிகிச்சையை ஏற்றது. தினமும் கசந்த மாத்திரை விழுங்கும் குழந்தைக்கும், அதற்காக வேலையை விட்டு ஓடும் தாய்க்கும் இரண்டு மாதம் மிச்சமாவது அற்ப விஷயமா?

இனி, படப்பைக்கு இன்னும் அண்மையில் வருவோம். 1955-ம் ஆண்டில், முதன் மந்திரி பதவியை விட்டு ஓராண்டு கழிந்த நிலையில், ராஜாஜி பி.ஸி.ஜி. என்னும் க்ஷயத் தடுப்பு ஊசியை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு உயிருள்ள கிருமியைச் செலுத்துமுன் அதன் பயன் ஐயமற நிரூபிக்கப்பட்டதா என்பது அவர் எழுப்பிய ஆட்சேபங்களுள் முக்கியமானது. மத்திய சர்க்கார் அவர் சொல்லை ஏற்கவில்லை. ஊசி இயக்கம் நடந்தது. ராஜாஜியின் கொள்கைகளையோ முடிவையோ ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. மேடைப் பிரசங்கத்தாலோ மறுப்பு அறிக்கையாலோ அதற்கு விடை காண முடியாது.

விடை காணும் முயற்சி 1968-ல், அந்நாளில் படப்பையும் அடங்கியிருந்த செங்கற்பட்டு ஜில்லாவிலேயே, திருவள்ளூரைச் சூழ்ந்த பகுதியில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார ஸ்தாபனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகாவோடும் சேர்ந்து, 209 பஞ்சாயத்துகளிலும் 9 நகரங்களிலும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் பதிவு செய்தது. ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை சுமார் 2,80,000 பேருக்குச் சிலருக்குப் பி.ஸி.ஜி.யும் சிலருக்கு வெற்று ஊசியும் போடப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று நோயைக் கணக்கெடுத்தனர். உலகில் நடந்த பி.ஸி.ஜி. ஆராய்ச்சிகளில் இதனினும் பெரியது இல்லை என்பர். ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-ல் வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. நுரையீரல் க்ஷயத்தைத் தடுப்பதில் அங்கு ஊசி பயன் தரவில்லை. பதினைந்தாண்டு முடிவு 1999-ல் பிரசுரமாயிற்று. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்குக் கிடைத்ததும் 27 சதவீத அளவே. அதுவும் உறுதியாகச் சொல்லத்தக்கதன்று.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.ஸி.ஜி. போடுவானேன் என்று வாசகர் கேட்கலாம். பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளையுறை க்ஷயத்தையும் உடலெங்கும் பரவும் க்ஷயத்தையும் அது தடுக்கிறதென்று வேறு ஆராய்ச்சிகள் காட்டியதால் அதற்காகவே வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாயிற்று. பெரியவரின் க்ஷயத்தை இவ்வூசி ஒழித்துவிடும் என்ற மயக்கம் நீங்கிற்று. செங்கற்பட்டுக் கிராமத்துக் குடியானவரும் அவர்தம் மக்களும் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டதன் பலனாக உலகம் பெற்ற அறிவு அது. அவர்கள் பெயரைச் சொல்லும் கல்வெட்டு எங்கும் இல்லை.

மேலை நாட்டுக் குழந்தைகளிடம் சோதித்தது போதும், நமக்கேன் தனியே சோதனை என்று கேட்போருக்கு வேலூர் விடை சொல்கிறது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேகப் ஜான், மேனாட்டில் மூன்று தடவை கொடுத்தால் போதுமென்ற போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்கு அவ்வாறு போதவில்லை என்று 1970-களில் எடுத்துக்காட்டினார். திரும்பத் திரும்பக் கொடுத்த சொட்டு மருந்தாலேயே போலியோ ஒழிந்தது. 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டதே இந்தியாவின் கடைசி நோயாளி. 2014 மார்ச்சில் போலியோ அற்ற பிரதேசமென்று சான்று கிடைத்தது.

ரோட்டா வைரஸ் பேதியிலும் அதே பாடம். மெக்ஸிகோவில் இருமுறை இயற்கையாகத் தொற்றிய குழந்தைக்குக் கடும் பேதி பிறகு வருவதில்லை என்று 1996-ல் கண்டிருந்தனர். வேலூர்ச் சேரிகளில் பிறந்த குழந்தைகளை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்தபோது, மும்முறை தொற்றிய பின்னும் பாதுகாப்பு 79 சதவீதமே என்று 2011-ல் தெரிந்தது. மெக்ஸிகோவின் கணக்கு வேலூருக்குச் செல்லவில்லை. ஆண்டுக்குச் சுமார் 78,000 இந்தியக் குழந்தைகள் ரோட்டா வைரஸால் இறந்துகொண்டிருந்த காலம் அது. டில்லியில் பிறந்த ஒரு குழந்தையிடம் 1980-களில் கண்டெடுத்த, நோய் செய்யாத வைரஸ் இனத்திலிருந்து நம் விஞ்ஞானிகள் சொட்டு மருந்து செய்தனர். 2011 முதல் டில்லி, புனா, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. கடும் பேதியில் பாதிக்குச் சற்று மேற்பட்டதை அது தடுத்தது. 2016-ல் சர்க்காரின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் சேர்ந்து, 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நம் குழந்தைகளின் நோய்க்கு நம் நாட்டிலேயே, நம் நாட்டார் கொடுக்கத்தக்க விலையில் மருந்து கிடைத்தது. சுயராஜ்யத்தின் பயன்களில் இதுவும் ஒன்று.

இவ்வளவும் சொன்னதால் குற்றங்களை மூடி மறைக்கிறோம் என்று எண்ண வேண்டாம். 2009-ல் ஆந்திரத்துக் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தின் பரோடாவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் செயல்முறையில் காட்டுவதாகச் சொல்லிச் சுமார் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சிறுமியருக்குப் போட்டனர். கம்மத்தில் அவர்களுட் பலர் ஆதிவாசிச் சிறுமியர். அரசாங்க விடுதிகளில் தங்கிப் படித்தவர். பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டனர். அத்தகைய படிவங்கள் ஆந்திரத்தில் மட்டும் 2,763 என்று கணக்காயிற்று. ஏழு சிறுமியர் இறந்தனர். ஊசியால் இறந்ததாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு கூறியது. ஆனால் இறப்பையும் நோயையும் உடனுக்குடன் கண்டறிய ஏற்பாடே இல்லாதபோது அச்சமாதானத்தை யார் முழு மனத்துடன் ஏற்பார்? 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் பார்லிமெண்டுக் குழு அதை வன்மையாகக் கண்டித்தது. ஏழையின் குழந்தை, தகப்பன் அருகில் இல்லாத குழந்தை, எழுதப் படிக்கத் தெரியாத தாயின் குழந்தை ஆகியோர் எளிதில் கிடைப்பர் என்பதற்காக அவர்களையே ஆராய்ச்சிக்குத் தேடிச் செல்வது அநீதி.

ரோட்டா வைரஸ் சோதனையும் ஆட்சேபத்துக்குத் தப்பவில்லை. அயல்நாட்டுச் சொட்டு மருந்து இரண்டு கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தபோது, மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வெற்று மருந்து கொடுத்தது தகுமா என்று சிலர் கேட்டனர். அம்மருந்துகள் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தன. சர்க்கார் திட்டத்திலும் இல்லை. சோதனையிற் சேர்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பேதி கண்டவுடன் சிகிச்சை கிடைத்தது என்று நடத்தியோர் விடையிறுத்தனர். இவ்விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நாம் வற்புறுத்துவது ஒன்றே: இத்தகைய கேள்வி பகிரங்கமாகக் கேட்கப்பட வேண்டும், பகிரங்கமாகவே விடையும் அளிக்கப்பட வேண்டும். கேள்வி கேட்பவனைத் தேசத் துரோகி என்பதும், ஆராய்ச்சி செய்பவனைக் கொலைகாரன் என்பதும் குழந்தைகளுக்கு ஒரு நன்மையும் செய்யா.

கம்மத்தின் எதிரொலியாக 2010-ல் மற்றொரு ஆராய்ச்சியும் நின்றது. திண்டுக்கல் ஜில்லாவின் அம்பிளிக்கை உட்பட இந்தியாவின் பல இடங்களில் 10 முதல் 18 வயது வரையுள்ள 17,729 பெண்கள் அதில் சேர்ந்திருந்தனர். இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்பதே அதன் கேள்வி. ஊசி போடுவது இடையில் நின்றதால் பல பெண்களுக்கு ஒரே ஊசியோடு முடிந்தது. ஆராய்ச்சியாளர் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தனர். ஒரு ஊசியே ஏறக்குறைய மூன்றுக்கு நிகரான பாதுகாப்பளிக்கிறது என்று தெரிந்தது. 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரே ஊசி முறையை ஏற்றதற்கு இக்கணக்கும் ஒரு காரணம். கம்மத்துக்கும் அம்பிளிக்கைக்கும் உள்ள வேற்றுமை கவனிக்கத் தக்கது. முன்னதில், ஊசி போட்டவர்கள் அதன்பின் நேர்ந்ததை ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை. பின்னதில், ஊசி நின்ற பிறகும் கணக்கு நிற்கவில்லை.

சட்டம் இன்று முன்னைப்போல் வெறுமையாக இல்லை. 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் பற்றிய விதிகளின்படி, ஒவ்வொரு சோதனையையும் பதிவு பெற்ற நெறிமுறைக் குழு பரிசீலித்து அனுமதிக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு. பெற்றோர் சம்மதித்தால் மட்டும் போதாது; ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு விளங்கும்படி சொல்லி அதன் வாய்மொழி இசைவையும், பன்னிரண்டு வயதுக்கு மேல் எழுத்து மூலமான இசைவையும் பெற வேண்டுமென்று 2017-ல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. 2009 முதல் எல்லா மருந்துச் சோதனைகளும் பொதுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். எவரும் அதைப் பார்க்கலாம். ஆனால் ஏட்டிலுள்ள சட்டம் தானே நடந்து போய்ப் படப்பைக் குடியிருப்பின் கதவைத் தட்டாது. அதைத் தட்டச் செய்வது பொது ஊழியர்களின் கடமை.

ஆதலால், இப்பிரதேசத்தில் உழைக்கும் தொண்டர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் சில வார்த்தை சொல்வோம். இங்கு ஆராய்ச்சியாளர் வந்தால் துரத்தாதீர், கேள்வி கேளுங்கள். எந்தக் குழு அனுமதித்தது, பதிவு எண் என்ன, சம்மதப் படிவம் தாய் படிக்கும் மொழியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒடியா பேசும் தாயிடம் தமிழ்ப் படிவமும், தமிழ்த் தாயிடம் ஆங்கிலப் படிவமும் நீட்டுவது சம்மதம் வாங்குவது ஆகாது. இடையில் விலகினால் சிகிச்சை குறையாதென்று எழுதிக் கொடுக்கிறார்களா, தீங்கு நேர்ந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது, முடிவை மக்களுக்கு யார் வந்து சொல்வார்கள் என்று கேளுங்கள். திருப்தியான விடை வந்தால் ஒத்துழையுங்கள், வராவிட்டால் மறுத்துவிடுங்கள். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் ஓரிடத்தில் தங்காதவரைத் தொடர்ந்து பார்க்க முடியாதென்று இடம்பெயரும் தொழிலாளியின் குழந்தையை விட்டுவிடுவது சுலபம். அப்படி விட்டுவிட்டால், வீடும் மண்ணும் உள்ளவரின் குழந்தைகளுக்கே உரிய சான்று திரளும். தகரக் கூரையின் கீழ் வளரும் குழந்தைக்கு மறுபடியும் ஊகமே மிஞ்சும். ஆராய்ச்சியின் சுமையை ஏழையின் தலையில் ஏற்றுவது எவ்வளவு அநீதியோ, அதன் பயனிலிருந்து ஏழையை விலக்குவதும் அவ்வளவே அநீதி.

சர்க்கார் செய்யவேண்டியது அதிகம். குழந்தைகளுக்கென்று விற்கப்படும் மருந்துகளில் எவற்றுக்குக் குழந்தைகளிடமே சோதித்த சான்று உண்டு, எவற்றுக்கு இல்லை என்ற ஜாபிதாவைத் தமிழில் வெளியிட்டு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொங்கவிட வேண்டும். சான்றில்லாதவற்றுள் பயனுடையன என்று கருதப்படுவனவற்றைப் பொதுப் பணத்தில் ஆராய வேண்டும். ஏனெனில், பழைய மருந்தை ஆராய்வதில் எந்த வியாபாரிக்கும் லாபமில்லை. பயனற்றன என்று தெரிந்தவற்றைக் கடையிலிருந்து அகற்ற வேண்டும்.

சிந்துவாராவில் மாண்ட குழந்தைகளுக்கு வந்தது சாதாரணச் சளியும் காய்ச்சலுமே. சில நாளில் பெரும்பாலும் தானே தணியும் நோய் அது. கஞ்சியும் வெந்நீரும் தாயின் அரவணைப்பும் போதியதாயிருந்த இடத்தில் ஒரு புட்டி வந்து சேர்ந்தது. அதில் விஷம் கலந்திருந்தது ஒரு குற்றம். அதை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. விஷம் கலவாதிருந்தாலும் அப்புட்டி அக்குழந்தைகளுக்கு வேண்டியதுதானா என்று யாரும் கேளாதது மற்றொரு குற்றம். அதை விசாரிக்க எந்த நீதிமன்றமும் இல்லை. மருந்து வாங்குகிறவரும் விற்கிறவரும் எழுதிக் கொடுக்கிறவரும் “சான்று எங்கே?” என்று கேட்கப் பழகினாலன்றி அக்குற்றம் நீங்காது. சான்று தானாக முளைப்பதன்று. யாரோ சில பெற்றோர், தெரிந்து, சம்மதித்து, தம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதால் பிறந்தது அது. அவர்களை ஏமாற்றாமலும் கைவிடாமலும் காப்பது தேசத்தின் கடன்.